ஹவில்தார் அர்த்தநாரியின் முதுகெலும்பு

அர்த்தநாரியின் வலது காலுக்கு பிரேக் எங்கே இருக்கிறது என்பது தெரியாமல் போனது, பலாப்பழம் விழுந்து கிடக்கும் ஒரு ஆனி மாதக் காலையில்.

மலைமேல் வளப்பூர் நாட்டிலிருந்து பலா லோடு ஏற்றிக்கொண்டு தன்னுடைய பிக்கப் வண்டியில் மலை இறங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவியின் தம்பி சின்னராசு. ஒரு கொண்டை ஊசி வளைவு வந்தது. வேகத்தைக் குறைக்கக் காலை அழுத்தினார். அழுத்தியதாகத்தான் நினைத்தார். வண்டி குறையவில்லை. இன்னும் அழுத்தினார். குறையவில்லை. குனிந்து பார்த்தால், கால் பிரேக்கின் மேலேயே இல்லை. பிரேக்குக்குப் பக்கத்தில் தகரத்தரையை மிதித்துக்கொண்டு நின்றது.

கியரை இறக்கி, கை பிரேக்கை இழுத்து, தடுப்புச் சுவரில் உரசவிட்டு வண்டியை நிறுத்தினார். மேலே கிடந்த பழங்களில் சில துள்ளி, சுவரைத் தாண்டிக் காட்டுக்குள் போயின. அவை மரங்களில் மோதி மோதி இறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"பிரேக் புடிக்கலீங்களா மாமா?" என்றான் சின்னராசு.

"பிரேக் நல்லாத்தான் இருக்குது."

"அப்புறம்?"

"காலு எங்க இருக்குதுன்னு தெரியலடா."

மாமா தமாஷ் செய்கிறார் என்று நினைத்துச் சின்னராசு சிரித்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டான். மீதி மலையை அவன்தான் ஓட்டிக்கொண்டு இறங்கினான்.

வேறு யாருக்காவது இது நடந்திருந்தால் கண் அசந்துவிட்டது என்று சொல்லி முடித்திருப்பார்கள். அர்த்தநாரி பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். பாதி வாழ்க்கையை லடாக் பக்கத்து மலைப்பாதைகளில், பனியில், ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் ஒன்றுமில்லாத வெளியுமாகக் கழித்தவர். ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊர் திரும்பியதும் அவர் செய்த முதல் காரியம் இந்தப் பிக்கப்பை வாங்கியதுதான். மிளகும் பலாவும் அன்னாசியும் சோளக்காட்டுச் சந்தைக்கும் மலைக்குக் கீழே உள்ள ஊர்களுக்கும் அவர் வண்டியில்தான் போகும். கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் ஆட்கள் அவர் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். "மிலிட்டரிக்காரர் வண்டின்னா கண்ணை மூடிக்கிட்டு உக்காரலாம்" என்பது ஊரில் ஒரு பேச்சு.

அப்படிப்பட்ட மனிதர் அன்று வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றப் போனால், ஒரு காலில் செருப்பே இல்லை. எங்கே கழன்றது என்று அவருக்குத் தெரியவில்லை.

"வெறுங்கால்லயா வந்தீங்க? கல்லு குத்தலீங்களா?" என்றாள் மனைவி பாவாயி.

குத்தியிருக்க வேண்டும். பாதத்தில் ரத்தம் இருந்தது.

கீழே நகரத்தில் முன்னாள் படைவீரர்களுக்கென்று ஒரு கிளினிக் இருந்தது. போனார். அங்கிருந்த டாக்டர் வயதானவர், சாந்தமானவர். "எங்க வலிக்குது?" என்று கேட்டார்.

"வலி இல்லைங்க சார். காலுதான் சரியா இல்லை. பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்குது."

"இடுப்புல வலி இருக்கா?"

இத்தனை வருஷம் லாரி ஓட்டியவனுக்கு இடுப்பு வலி இல்லாமல் இருக்குமா? "கொஞ்சம் இருக்குதுங்க" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை எல்லா இடத்துக்கும் அவருக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துகொண்டது. டாக்டர் எழுதி அனுப்பிய பெரிய ஆஸ்பத்திரியில் இடுப்பை ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பின் அடியில் ஒரு ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்றார்கள். அங்கிருந்த சர்ஜன் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, "உடனே ஆபரேஷன் பண்ணணும். விட்டா கால் போயிடும்" என்றார்.

அர்த்தநாரி தயார். உத்தரவு என்றால் அவருக்குப் பழக்கம். ஆனால் செலவுக்கு அரசாங்க அனுமதி வரத் தாமதமாகி, கிளினிக்கில் வேறொரு ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார்கள். அங்கிருந்தவர் அதே படத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி ஆபரேஷனா? லாரி டிரைவர் யாரை எடுத்தாலும் இப்படித்தான் இருக்கும். பெல்ட் போடுங்க, தரையில படுங்க" என்றார். மூன்றாவதாக ஒருவர், சர்க்கரையால் நரம்பு கெட்டிருக்கும் என்றார். ரத்தத்தில் சர்க்கரை இல்லை என்று வந்தது. "இனிமே வரலாம்" என்று சொல்லி அதற்கும் ஒரு மாத்திரை கொடுத்தார்.

பட்டாளத்தில் ஒரு கம்பெனிக்கு ஒரு கமாண்டர். அவர் இடது என்றால் இடது. இங்கே ஒருவர் நட என்கிறார், ஒருவர் நடக்காதே என்கிறார். குனியக்கூடாது என்று பெல்ட் மாட்டி அனுப்புகிறார் ஒருவர். குனிந்து கால் விரலைத் தொடு என்று பயிற்சி சொல்லித்தருகிறார் இன்னொருவர். அர்த்தநாரி எல்லாருக்கும் கீழ்ப்படிந்தார். காலையில் பெல்ட் மாட்டிக்கொண்டு குனியாமல் இருந்தார். சாயங்காலம் அதைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்தார்.

"ஏனுங்க, தலகாணி வெக்கட்டுமா, வேண்டாமா?" என்று படுக்கை போடும்போது பாவாயி கேட்பாள்.

"நேத்து என்ன பண்ணுனோம்?"

"வெச்சோம்."

"அப்ப இன்னிக்கு வேண்டாம்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வரும். பிறகு வராது.

மழைக்காலம் போய்ப் பனி வந்தது. கால் தேறவில்லை. அதோடு கையும் சேர்ந்துகொண்டது. சட்டைப் பொத்தானைப் போட உட்கார்ந்தால் பொத்தான் விரலுக்கு அகப்படாமல் விளையாட்டுக் காட்டும். களியை உருட்டி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மடியில் விழும். போனில் மகள் கவிதாவின் பெயரைத் தொட்டால் வேறு யாருக்கோ அழைப்பு போகும். கிளினிக்கில் இதைச் சொல்லிப் பார்த்தார். "கை வேற, கால் வேற. வயசாகுதுல்ல, ஒண்ணொண்ணா வரும். முதல்ல இடுப்பைப் பார்ப்போம்" என்று பதில் வந்தது. சரிதான் போலிருக்கிறது என்று அவரும் கையைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார். வீட்டில் பாவாயி ஒன்றும் கேட்காமலே பொத்தானைப் போட்டுவிடத் தொடங்கினாள். அது அவருக்கு ஆறுதலாக இருந்ததா, அவமானமாக இருந்ததா என்று அவராலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மிளகு பறிக்கும் காலத்தில் ஒரு நாள் இருவரும் மறுபடியும் கிளினிக்குக்குப் போனார்கள். சாந்தமான டாக்டர் பழைய காகிதங்களைப் புரட்டி, "பரவாயில்லையே, இம்ப்ரூவ்மென்ட் இருக்குன்னு எழுதியிருக்காங்களே" என்றார்.

"ஆருக்கு சார்?"

"உங்களுக்குத்தான்."

அர்த்தநாரிக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை. அணிவகுப்பு மைதானத்தில் கத்துகிற குரல். "என்னைப் பாருங்க சார்! காயிதத்தைப் பார்க்காதீங்க, என்னைப் பாருங்க! நான் நடக்கறதை ஒரு டாக்டராவது எந்திரிச்சுப் பார்த்தீங்களா? ஒருத்தர் வெட்டணுங்கறார், ஒருத்தர் வேண்டாங்கறார். நான் ஆரு சொல்றதைக் கேக்கறது? நீங்க எல்லாரும் ஒரு நாள் ஒண்ணா உக்காந்து பேசி, ஒரே ஒரு ஆர்டர் குடுங்க. அது தப்பா இருந்தாலும் நான் கேட்டுக்கறேன்!"

வெளியே காத்திருந்த பழைய சிப்பாய்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உட்காருங்க ஹவில்தார்" என்றார். அந்த மரியாதைதான் அர்த்தநாரியை வெட்கப்பட வைத்தது. உட்காராமல் வெளியே வந்தார். வாசல் படியில் கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் வைத்து, முட்டி பெயர விழுந்தார்.

திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கால்களை விறைப்பாக அகற்றி வைத்து, ஆடி ஆடி உள்ளே நகர்ந்தார். வேட்டியெல்லாம் மண்.

"பொழுது சாயறதுக்குள்ள ஆரம்பிச்சாச்சாட்டம் இருக்குது" என்றது ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

கண்டக்டர், "பெரியவரே, மலை ஏறும்போது மேல கீல விழுந்து வெச்சீங்கன்னா எனக்கு வம்பு. தெளிஞ்சப்புறம் அடுத்த வண்டியில வாங்க" என்றார்.

பாவாயி இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள். "ஏனுங்க, ஆரைப் பார்த்து என்ன பேசறீங்க? எம்பட ஊட்டுக்காரரு பட்டாளத்துல சும்மா குடுத்த சரக்கையே தொடாதவரு. சீக்காளியைப் பார்த்தா உங்களுக்குக் குடிகாரனாட்டம் தெரியுதா?"

கண்டக்டர் மன்னிப்புக் கேட்டார். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். அர்த்தநாரி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கண்டக்டர் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. இப்படி ஒருவன் தள்ளாடி வந்து ஏறியிருந்தால் தானும் அதையேதானே நினைத்திருப்போம் என்று தோன்றியது. தன் நடையை இன்னொருவன் நடையாகப் பார்த்தபோது அவருக்கே அது குடித்தவன் நடையாக இருந்தது. வளைவுக்கு வளைவு பஸ் திரும்ப, அவர் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை ஜன்னலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

மறுநாள் முட்டிக்காயத்துக்குக் கட்டுப்போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். அங்கே நர்ஸ் பிரிசில்லா. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், மலைக்கு மாற்றலாகி வந்து சில வருஷம் ஆகிறது. எல்லாரையும் அண்ணாச்சி என்பாள்.

காயத்தைத் துடைத்துக்கொண்டே, "ஸ்பிரிட் வச்சா எல்லாரும் கத்துவாவ. ஒங்களுக்கு எரியலையா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"எரியணுமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. ஆனா இடுப்பு பெல்ட்டை நம்பிக்கிட்டு இருக்காதீய. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில நரம்புக்குன்னே தனி ஓ.பி. இருக்கு. கூட்டம் இருக்கும், பொறுமையா உக்காருங்க. மகளைக் கூட்டிட்டுப் போங்க."

இன்னொரு டாக்டரா என்று அர்த்தநாரி பெருமூச்சு விட்டார். ஆனால் ராசிபுரத்தில் கட்டிக்கொடுத்த கவிதா விடவில்லை. வந்து கூட்டிக்கொண்டு போனாள்.

கூட்டம் இருந்தது. கூப்பிடும்போது மதியம் தாண்டிவிட்டது. டாக்டர் ஒரு பெண். மேஜையில் கலைமணி என்று பெயர் இருந்தது. வயது கவிதாவைவிட இரண்டு மூன்று கூட இருக்கலாம். கவிதா ஸ்கேன் படங்களை நீட்டினாள்.

"அது இருக்கட்டும். நீங்க கதவு வரைக்கும் நடந்துட்டு வாங்க."

நடந்தார். டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து, பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்தார். பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். முட்டியில் சின்னச் சுத்தியால் தட்டினார். பந்தை உதைப்பதுபோலக் கால் எகிறியது. பிறகு கையைப் பிடித்து, நடுவிரல் நகத்தைச் சுண்டிவிட்டார். அர்த்தநாரி ஒன்றும் செய்யாமலே கட்டைவிரல் தானாக உள்ளே மடங்கியது. மறுபடி சுண்டினார். மறுபடி மடங்கியது. அர்த்தநாரி தன் விரலையே வெறித்துப் பார்த்தார்.

"நான் பண்ணலீங்க" என்றார்.

"தெரியும்." டாக்டர் படங்களை எடுத்துப் பார்த்தார். "இடுப்புல இருக்கற இந்தப் பிதுக்கத்துக்கும் உங்க நடைக்கும் பொருந்தலையே. ஏன்னு எனக்கு இப்பத் தெரியலைங்க. தேடிப் பார்க்கணும்."

அர்த்தநாரி திகைத்துப் போனார். இத்தனை மாதத்தில் தெரியவில்லை என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. தெரியாதவரிடம் வந்து மாட்டிக்கொண்டோமே என்று ஒரு பக்கம் தோன்றியது. இன்னொரு பக்கம், ஏனோ, நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது கொஞ்சம் இளகியது.

"கழுத்துல எப்பவாவது அடிபட்டிருக்கா?"

"இல்லீங்க."

கழுத்தை ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். குழாய்க்குள் படுக்க வைத்து உள்ளே தள்ளினார்கள். இயந்திரம் டமடமவென்று தட்டியது. பாதியில் அவருக்கு நினைவு வந்தது. லடாக்கில் ஒரு குளிர்காலம். ஐஸில் சறுக்கி லாரி பாறையில் முட்டியது. தலை கூரையில் போய் இடித்தது. எம்.ஐ. ரூம் என்ற பட்டாள மருத்துவ அறையில் கழுத்துக்குப் பட்டை போட்டுச் சில நாள் படுக்க வைத்தார்கள். பிறகு ஃபிட் என்று எழுதி அனுப்பினார்கள். அவரும் அடுத்த லோடை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். கல்யாணத்துக்கு முந்தைய கதை. பாவாயிக்குக்கூடச் சொன்னதில்லை, சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை என்பதால்.

படத்தில் டாக்டர் கலைமணி விரல் வைத்துக் காட்டினார். கழுத்து எலும்புகளுக்கு நடுவே தண்டுவடம் வெள்ளைக் கயிறுபோல இறங்கி, ஒரு இடத்தில் இறுக்கிக் கட்டியதுபோல ஒடுங்கியிருந்தது.

"கைக்கும் காலுக்கும் போற நரம்பெல்லாம் இந்த வழியாத்தான் போகுது. இங்க நெருக்கிப் பிடிச்சிருக்கு. அதான் ரெண்டும் கெட்டது."

"அப்ப இடுப்பு?"

"இடுப்புல ஒண்ணும் பெருசா இல்லைங்க."

அர்த்தநாரி லாரி மோதிய கதையைச் சொன்னார். "அதனாலதான் இப்படி ஆச்சுங்களா?"

"இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். அடிபடாதவங்களுக்கும் வயசாகும்போது எலும்பு தடிச்சு இப்படி வரும். எதுன்னு உறுதியா சொல்ல முடியாது."

அர்த்தநாரி படத்தில் அந்த ஒடுங்கிய இடத்தை மறுபடி பார்த்தார். பாறை மேல் கோபப்படுவதா, பட்டாளத்தின் மேலா, ஃபிட் என்று எழுதியவர் மேலா, இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மேலா, கையைப் பற்றி வாய் திறக்காமல் விட்ட தன் மேலேயா? ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவியது.

"ஆபரேஷன் பண்ணினா வண்டி ஓட்டுவேனா?"

"சொல்ல முடியாது. இனி மோசமாகாமத் தடுக்கறதுதான் முதல் நோக்கம். போனதுல கொஞ்சம் திரும்பி வரலாம். ரொம்ப நாளா நெருக்கத்துல இருந்திருக்கு. முன்னாடியே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

"முன்னாடியே வந்தேங்க" என்றார் அர்த்தநாரி. "வந்துக்கிட்டேதான் இருந்தேன்."

கவிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டில் அதன்பின் இதே பேச்சு. முதலில் ஆபரேஷன் என்றவர் சொன்னதைக் கேட்டிருந்தால் நல்ல இடுப்பைக் கிழித்திருப்பார்கள். இப்போது கழுத்து என்கிறார்கள். இது மட்டும் சரி என்று எப்படி நம்புவது? சின்னராசு வேண்டாம் என்றான். கழுத்தில் கத்தி வைத்தால் படுக்கையில் விழுந்துவிடுவார்கள் என்று அவனிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். கவிதா பண்ணியே ஆகவேண்டும் என்று அழுதாள்.

"நீ என்ன சொல்றே?" என்று பாவாயியைக் கேட்டார்.

அவள் அடுப்பில் கிடந்த விறகைத் தள்ளிவிட்டாள். "எனக்கும் ஒண்ணும் புரியலீங்க. நாளைக்குச் சோத்தை நானே ஊட்டோணும்னாலும் ஊட்டுவேன். ஆனா ஒண்ணு, அந்த டாக்டர் பொண்ணு உங்க கையத் தொட்டுப் பார்த்துச்சுன்னு கவிதா சொன்னா. மத்தவங்க ஆரும் தொட்டதாத் தெரியலை."

அவர் ஒப்புக்கொண்டார். நம்பி ஒப்புக்கொண்டாரா, சலித்துப்போய் ஒப்புக்கொண்டாரா என்று கேட்டால் இன்றைக்கும் அவருக்குச் சொல்லத் தெரியாது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சில மாதம் கழுத்தில் பட்டையோடு இருந்தார். முதலில் விரல்கள் திரும்பி வந்தன. மேல் பொத்தானைத் தவிர மற்றதை அவரே போட்டுக்கொள்கிறார். களி மடியில் விழுவதில்லை. கால்தான் முழுசாக வரவில்லை. விறைப்பு அப்படியே இருக்கிறது. கம்பு ஊன்றித் தோட்டம் வரை போய் வருகிறார். பிக்கப்பைச் சின்னராசு ஓட்டுகிறான். அர்த்தநாரி பக்கத்தில் உட்கார்ந்து, "செகண்டுக்கு வா, செகண்டுக்கு வா" என்று சொல்லிக்கொண்டே வருவார். சின்னராசுவுக்கு எரிச்சல் வரும். ஆனாலும் செகண்டுக்கு வருவான்.

இந்த ஐப்பசியில் மாத்திரை வாங்கப் பாவாயியோடு பழைய கிளினிக்குக்குப் போகவேண்டியிருந்தது. என்ன சொல்லவேண்டும் என்பதை வழி நெடுக மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனார். சாந்தமான டாக்டர்தான் இருந்தார். கழுத்து ஸ்கேனையும் ஆபரேஷன் காகிதத்தையும் வாங்கி, ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் கழுத்தைப் பார்த்திருக்கணும் ஹவில்தார். பார்க்கலை. தப்புதான்."

அடுக்கி வைத்த வார்த்தைகள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. "பரவாயில்லீங்க சார்" என்றார் அர்த்தநாரி. மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் பாவாயி வேர்க்கடலை வாங்கி வந்தாள். அவர் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருந்தார்.

"பரவாயில்லைன்னு ஏன் சொன்னேன்?" என்றார்.

"ஆரு கிட்ட?"

"அந்த டாக்டர் கிட்ட. பரவாயில்லையா என்ன? எப்படிப் பரவாயில்லை?"

"அவரு தப்புன்னு ஒத்துக்கிட்டாருல்ல. அதனால சொல்லியிருப்பீங்க."

"ஒத்துக்கிட்டா காலு வந்துருமா?"

"வராது."

"அப்புறம் ஏன் சொன்னேன்?"

பாவாயி ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு யோசித்தாள். "திரும்பப் போயி, பரவாயில்லைன்னு சொன்னது தப்புங்கன்னு சொல்லிட்டு வரலாமா?"

அவர் நிஜமாகவே அதைப் பற்றி யோசித்தார். கிளினிக் இருந்த திசையைப் பார்த்தார். போய் என்ன சொல்வது? திட்டினால் அந்த மனிதர் தலை குனிந்து கேட்டுக்கொள்வார். அதைப் பார்க்கவும் மனது வராது. திட்டாமல் திரும்பினாலும் மனது ஆறாது. அதற்குள் மலைக்குப் போகும் செம்மேடு பஸ் வந்து திரும்பி நின்றது. ஜனங்கள் ஓடினார்கள். பாவாயி முன்னால் ஏறி ஜன்னலோர சீட்டில் பையைப் போட்டாள்.

"வாரீங்களா, இல்லையா?" என்று உள்ளிருந்து கூப்பிட்டாள்.

"வாரேன் இரு" என்றார் அர்த்தநாரி. கம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கீழே பார்த்தபடி முதல் படியில் காலை எடுத்து வைத்தார்.